மொட்டை மாடியில் இன்டர்நெட் தட்டு... சுவிட்ச் யார் கையில்?

2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலை சென்னைவாசிகள் லேசில் மறக்க மாட்டார்கள். கரன்ட் இல்லை, தெருவில் முழங்கால் தண்ணீர். அதைவிடக் கொடுமை, பல ஏரியாக்களில் செல்போனில் சிக்னலே இல்லை. அபிராமபுரம் மாதிரியான இடங்களில் அப்பா, அம்மா தனியாக இருக்கும் ஃபிளாட்கள் நிறைய. பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ போனும் கையுமாகத் தவித்தார்கள்.

அப்படிப்பட்ட வீடுகளுக்கு சாட்டிலைட் இன்டர்நெட் ஒரு வரப்பிரசாதம். மொட்டை மாடியில் சின்னதாக ஒரு தட்டு, கரன்ட் போனால் சமாளிக்க ஓர் இன்வெர்ட்டர். தெருவில் கேபிள் அறுந்தாலும் கவலையில்லை.

எலான் மஸ்க்கின் ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கு 2025 ஜூனில் மத்திய தொலைத்தொடர்புத் துறை உரிமம் கொடுத்தது. ஜூலையில் இன்-ஸ்பேஸ் அமைப்பின் அனுமதியும் கிடைத்தது. பூமியைச் சுற்றும் ஆயிரக்கணக்கான சாட்டிலைட்கள் அந்த நிறுவனத்தின் கையில் இருக்கின்றன.

அரசின் பயம் என்ன?

2024 டிசம்பரில் மணிப்பூரில் பறிமுதல் செய்யப்பட்ட ஆயுதங்களோடு, ஸ்டார்லிங்க் முத்திரையுடன் ஒரு கருவியும் சிக்கியது. இந்தியாவுக்கு மேலே தங்கள் சிக்னல் அணைக்கப்பட்டிருக்கிறது என்று மஸ்க் மறுத்தார். ஆனாலும் 2025 மே மாதம் அரசு கிடுக்கிப்பிடி போட்டது. இந்தியர்களின் தகவல்கள் இந்தியாவிலேயே இருக்க வேண்டும், எல்லையோரம் 50 கிலோமீட்டர் வரை தனிக் கண்காணிப்பு, தேவைப்பட்டால் குறிப்பிட்ட பகுதிக்கு சேவையை நிறுத்தும் வசதி என நிபந்தனைகள் நீண்டன.

நிறுவனத்தின் பலம் என்ன?

2022-ல் உக்ரைன் போரின்போது, கிரிமியா பக்கம் ஸ்டார்லிங்கை இயக்கித் தரும்படி உக்ரைன் கேட்டது. மஸ்க் மறுத்துவிட்டார். அடுத்த ஆண்டு அவரே அதை ஒப்புக்கொண்டார். ஒரு போரின் போக்கில் தனி மனிதர் ஒருவர் தலையிட முடிந்தது. 2025 ஜூலை 24 அன்று மென்பொருள் கோளாறால் உலகம் முழுக்க ஸ்டார்லிங்க் சுமார் இரண்டரை மணி நேரம் முடங்கியது. அத்தனை நாடுகளும் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இன்னொரு சுவாரஸ்யம். 2020-ல் வந்த ஸ்டார்லிங்க் ஒப்பந்தத்தில் செவ்வாய் கிரகத்துக்கும் ஒரு விதி இருந்தது. அது சுதந்திர கிரகம், பூமியிலுள்ள எந்த அரசுக்கும் அங்கே அதிகாரமில்லை என்றது அந்த விதி. விண்வெளியில் தனியார் செய்யும் வேலைகளுக்கும் அந்தந்த நாட்டு அரசே பொறுப்பு என்கிறது 1967-ம் ஆண்டின் சர்வதேச ஒப்பந்தம். செவ்வாய்க்கு மனிதன் போவதற்கு முன்பே அங்கே யார் சட்டம் என்ற சண்டை தொடங்கிவிட்டது!

நமக்கு என்ன?

அரசிடம் ஒரு சுவிட்ச், நிறுவனத்திடம் ஒரு சுவிட்ச். மாதாமாதம் பணம் கட்டப்போகும் நம்மிடம் எதுவுமில்லை. அரசு அணைத்தால் காரணம் சொல்லுமா? நிறுவனம் அணைத்தால் நஷ்டஈடு தருமா? பாதுகாப்பு பற்றிய விவாதத்தில் இந்தக் கேள்விகளும் இடம்பெற வேண்டும்.

போட்டி இருந்தால் ஒருவர் கை மட்டும் ஓங்காது. அபிராமபுரத்துக்குப் பக்கத்திலேயே, தரமணி ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம், 2024 மே 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சோதனை ராக்கெட் ஏவியது. சின்ன அடிதான், ஆனால் நம் ஊர் அடி.

அதுவரை, தட்டு வாங்கினாலும் பழைய கேபிள் இணைப்பைத் துண்டிக்காதீர்கள். 'ஏற்கிறேன்' என்று அழுத்தும் முன், சேவையை எப்போது நிறுத்தலாம் என்ற பகுதியை மட்டுமாவது படியுங்கள். அடுத்த புயலில் அம்மாவின் குரல் கேட்குமா என்பதற்கான பதில் அங்கேதான் இருக்கிறது.