நுரை யாருக்கு?

ஓர் ஆண் தன் முகத்தை மழித்துக்கொள்வதற்காக இந்த உலகம் எவ்வளவு யோசித்திருக்கிறது என்று அறிய ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள ஏதாவது ஒரு ஃபேன்சி ஸ்டோருக்குள் போய்ப் பாருங்கள். இரண்டு பிளேடு ரேசர், மூன்று பிளேடு ரேசர்; அடிப்பிடியைத் திருகித் திறந்து இருபுறமும் கூருள்ள பிளேடைப் பொருத்தும் பழைய பாணி ரேசர்; டியூபில் கிரீம், கிண்ணத்தில் சோப்பு, டப்பாவில் நுரை; பன்றி மயிரில் ஒரு பிரஷ், செயற்கை இழையில் ஒரு பிரஷ்; மழித்த பிறகு தடவ லோஷன்; கன்னம் கீறினால் தேய்க்கப் படிகாரக் கட்டி. ஆண்கள் எடுத்துப் பார்க்கிறார்கள், விலை கேட்கிறார்கள், எது நல்லது என்று கடைக்காரரோடு பேசுகிறார்கள். அதே கடையில் பெண்ணுக்கு இருப்பது இளஞ்சிவப்பில் ஒரு ரேசரும் முடிநீக்கும் கிரீம் ஒன்றும். கேட்டால் கடைக்காரர் பேசாமல் எடுத்து, நாப்கினைச் சுற்றுவதுபோலச் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டுத் தருவார்.

அந்தச் செய்தித்தாளைப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் ஆணின் சவரம். முறை தெரிந்தவர்கள் அதை அவசரமாகச் செய்வதில்லை. வெந்நீரால் முகத்தை இரண்டு மூன்று நிமிடம் ஊறவைப்பார்கள். நீரை உறிஞ்சிய மயிர் மிருதுவாகி எளிதில் வெட்டுப்படும். நனைந்த பிரஷில் கிரீமைக் குழைத்து வட்டமாகத் தேய்த்து நுரை எழுப்புவார்கள். பிரஷ் மயிரைத் தூக்கி நிறுத்தும். நுரை கத்திக்கும் தோலுக்கும் நடுவே வழுக்கும் படலமாக நிற்கும். ரேசரைச் சுமார் முப்பது பாகை சாய்வில் பிடித்து, அழுத்தாமல், முதலில் மயிர் வளரும் திசையிலேயே இழுப்பார்கள். பிறகு குளிர்ந்த நீர், படிகாரம். முடிதிருத்தும் தொழிலாளர்கள் அடைப்பத்தில் கத்தியும் கிண்ணியும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போன காலத்திலும் இதன் சாரம் இதுதான்: முதலில் நீர், பிறகே கத்தி. நுரை என்பது, கத்திக்குக் கீழே இருக்கும் உடலுக்கு வலிக்கும் என்று ஒப்புக்கொள்வது.

இந்த முறையோடு எனக்குச் சண்டை இல்லை. எந்த பிரஷ் நல்லது என்று ஆண்கள் மணிக்கணக்கில் பேசட்டும். என் கேள்வி வேறு. பெண்ணுடல்மீது கத்தி வைக்கப்பட்ட வரலாற்றில் இந்த நுரை எங்கே போனது? எந்த ரேசர் என்பது இருக்கட்டும். வேண்டுமா, வேண்டாமா என்று அவளை யாராவது கேட்டார்களா?

தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்குப் பெண்ணும் கத்தியும் சந்திக்கும் இடம் தெரியும். கைம்மை. புறநானூற்றின் 250ஆம் பாடல், கணவன் இறந்தபின் கூந்தலும் வளையும் போய் அல்லியரிசி உண்டு கிடக்கும் மனைவியைக் காட்டுகிறது. 261ஆம் பாடல், தலைவனை இழந்த வீட்டின் வெறுமையைச் சொல்ல, தலை மழிக்கப்பட்ட கைம்பெண்ணையே உவமையாக எடுக்கிறது. திணை, துறை, பாடியவர் பெயர் என்று குறித்துக்கொண்டு பெரும்பாலான வகுப்பறைகள் இந்தப் பாடல்களைக் கடந்துவிடுகின்றன. கூந்தலைக் கொய்தது யார், அவள் சம்மதித்தாளா என்ற கேள்வி எந்த வினாத்தாளிலும் வருவதில்லை.

பிற்காலத்தில் இந்த வழக்கம் பெரும்பாலும் பார்ப்பனக் குடும்பங்களில் நிலைத்து, இருபதாம் நூற்றாண்டுக்குள்ளும் தொடர்ந்தது. அது ஒருநாள் சடங்கும் அல்ல. முடி வளர வளர, சாகும்வரை மழித்துக்கொண்டே இருக்க வேண்டும். பட்டுக்குப் பேர்போன எங்கள் ஊரில் நார்மடிப் புடவையை மழித்த தலைமீது முக்காடாக இழுத்துக்கொண்டு, எதிரில் யாரும் வராத நேரம் பார்த்துத் தெருவில் இறங்கிய பாட்டிகளை நினைவுவைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பாட்டி நகரேஷு காஞ்சியில் வாழ்ந்தாள். நகரம் அவளுக்குக் கொடுத்தது ஒரு கத்தி.

இந்த வரலாற்றில் மாணவிகள் தெரிந்துகொள்ள வேண்டிய நிகழ்வு ஒன்று உண்டு. 1890இல் பம்பாயில் நாவிதர்கள் கூட்டம் கூட்டி, விதவைகளின் தலையை இனி மழிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். ஜோதிராவ் பூலேயின் சத்தியசோதக் இயக்கத்தைச் சேர்ந்தவரும் தொழிற்சங்க முன்னோடியுமான நாராயண் மேகாஜி லோகண்டே அதில் முன்னின்றார். சாஸ்திரம் பேசியவர்கள் அந்தச் சாஸ்திரத்தைத் தங்கள் கையால் நிறைவேற்றவில்லை. கத்தி பிடிக்க ஒரு சாதியை வைத்திருந்தார்கள். தொட்டால் தீட்டு என்று அந்தச் சாதியையே விலக்கியும் வைத்தார்கள். பெண்ணின் தலையும் நாவிதரின் கையும் ஒரே ஒழுங்கின் இரண்டு பலிகள். அதில் ஒரு பலி, இன்னொரு பலிக்காக வேலையை மறுத்தது. 'நாங்க என்ன சிரைக்கவா வந்தோம்?' என்று இன்றும் கூசாமல் கேட்கும் தமிழர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. சிரைக்க வந்தவர்களுக்கு, கணக்குப் பார்த்து எழுதிக்கொண்டிருந்த பலரைவிட முதுகெலும்பு இருந்தது.

அந்த நாவிதர்களைப் போலவே தமிழ்நாட்டில் கத்தி பிடித்த சமூகத்துக்கு மருத்துவர் என்றும் பெயர். அந்தச் சமூகத்துப் பெண்கள் ஊர் ஊராகத் தலைமுறை தலைமுறையாகப் பேறு பார்த்த மருத்துவச்சிகள். பிரசவம் மருத்துவமனைக்குப் போனபோது அவர்கள் பழசானார்கள். தாய்மாரின் உயிரைக் காத்ததில் மருத்துவமனைக்குப் பெரும் பங்கு உண்டு. அதை மறுப்பவள் நான் இல்லை. ஆனால் மருத்துவச்சியை வெளியே அனுப்பிய அந்த அறைக்குள் கத்தி மட்டும் தங்கிவிட்டது.

என் முதல் பிரசவத்துக்கு நான் சேர்ந்த மருத்துவமனையில், வலி விட்டுவிட்டு வந்துகொண்டிருந்த நேரத்தில் ஓர் ஆயா வந்தார். "கால அகட்டும்மா" என்றார். என்ன செய்யப்போகிறார் என்று சொல்லவில்லை. தண்ணீர் இல்லை, சோப்பு இல்லை. பாதியாக உடைத்த பிளேடு ஒன்றை இடுக்கியில் கவ்வவைத்து, வறண்ட தோலின்மேல் இழுத்தார். "நெளியாத. வெட்டிக்கிட்டா என்னச் சொல்லாத." கீறல்களில் டெட்டால் பட்ட எரிச்சல், பிரசவ வலி மறந்த பிறகும் எனக்கு நினைவிருக்கிறது. பிற்பாடு சக ஆசிரியைகளிடமும் பிள்ளையார்பாளையத்து நெசவு வீட்டுப் பெண்களிடமும் பேசியபோது, சொல்லி வைத்தாற்போல ஒவ்வொருத்தியிடமும் ஒரு பிளேடு கதை இருந்தது. தையல் போட்ட இடத்தைச் சுற்றி முடி திரும்ப முளைக்கும்போது குத்திய குத்தல் பற்றி ஒருத்தி சொன்னாள். "அது ஒரு மாசத்துக்கு நெருஞ்சி முள்ளுமேல உக்காந்தாப்புல இருக்கும்க்கா."

அந்த ஆயாவிடம் எனக்குக் கோபமில்லை. அவரிடம் கொடுக்கப்பட்டது பிளேடு மட்டும்தான். பிரஷையும் கிரீமையும் வெந்நீரையும் கொடுக்காதவர்கள் வேறு யாரோ. அந்த யாரோ, காலையில் தன் முகத்துக்கு நுரை தடவிவிட்டுத்தான் பணிக்கு வந்திருப்பார்.

"சுத்தத்துக்காகம்மா, கிருமி வந்துடும்" என்பார்கள். சரி, கிருமியைப் பற்றியே பேசுவோம். 1922லேயே ஜான்ஸ்டன், சிடால் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், பிரசவத்துக்கு முன் மழிக்கப்பட்ட பெண்களையும் மழிக்கப்படாத பெண்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மழித்ததால் தொற்று குறைந்ததாகத் தெரியவில்லை. 1971இல் அறுவைச் சிகிச்சை நோயாளிகளிடம் செரோப்பியனும் ரெனால்ட்ஸும் நடத்திய ஆய்வில், ரேசரால் மழிக்கப்பட்டவர்களில் 5.6 சதவீதத்தினருக்குக் காயத்தில் தொற்று ஏற்பட்டது. முடி நீக்கப்படாதவர்களிலும் கிரீம் தடவி நீக்கப்பட்டவர்களிலும் அது 0.6 சதவீதம். காரணம் எளிது. கத்தி கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்குகிறது. கிருமி அந்தக் கீறல்களில் குடியேறுகிறது. அறுவைச் சிகிச்சைக்கு ரேசரால் மழிக்கக் கூடாது, முடியை அகற்றித்தான் ஆக வேண்டும் என்றால் கிளிப்பரால் கத்தரிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சொன்னது. சுகப்பிரசவத்துக்கு முன் வழக்கமாக மழிப்பதைப் பரிந்துரைக்கவில்லை என்று 2018இல் சொன்னது. அறிவியல் என்ற பெயரில் உள்ளே வந்த கத்தியை அறிவியலே வெளியே போகச் சொல்லிவிட்டது. அதன் பிறகும் தொடர்ந்தால் அதற்குப் பெயர் சுத்தம் இல்லை, பழக்கம். இன்னும் கறாராகச் சொன்னால், படுத்திருக்கும் பெண் ஒன்றும் கேட்கமாட்டாள் என்ற நம்பிக்கை.

அதிகாரமாக வரும் கத்தி இது. வெட்கத்தின் வழியாக வரும் கத்தி ஒன்றும் உண்டு. கிங் கேம்ப் ஜில்லெட்டின் நிறுவனம் 1903இல் விற்றது 51 ரேசர்களும் 168 பிளேடுகளும்தான்; மறு ஆண்டே ரேசர் விற்பனை தொண்ணூறாயிரத்தைத் தாண்டியது. ஆண் முகங்களோடு சந்தை நிற்கவில்லை. 1915இல் 'மிலேடி டெகொல்தே' என்று பெண்களுக்கென ஒரு ரேசரை அந்நிறுவனம் இறக்கியது. அதே காலத்தில் அமெரிக்கப் பெண்கள் பத்திரிகைகளின் விளம்பரங்கள், கையில்லாத உடை அணிய வேண்டுமானால் அக்குள் முடியை ஒழித்தாக வேண்டும் என்று பாடம் நடத்தின. ஆணிடம் 'பாதுகாப்பு' என்று சொல்லி விற்ற பொருளைப் பெண்ணிடம் 'அசிங்கம்' என்று சொல்லி விற்றார்கள்.

எல்லாப் பழியையும் மேற்கின்மீது போடவும் முடியாது. பெண் குழந்தையின் மேனியில் முடி நிற்கக் கூடாது என்று கஸ்தூரி மஞ்சளும் பயத்தமாவும் தோல் சிவக்கத் தேய்த்தவர்கள் நம் பாட்டிகள். வள்ளுவர் கூசாமல் எழுதிய 'மயிர்' என்ற சொல்லை வசைச்சொல்லாக்கி வைத்திருப்பதும் நாம்தான். அந்தப் பழைய மஞ்சளின் மேல் புதிய பிளேடு வசதியாக உட்கார்ந்துகொண்டது. இன்று காஞ்சிப் பட்டு முகூர்த்தப் புடவையாகப் போய்ச் சேரும் வீடுகளில், மணப்பெண் அலங்காரத்தோடு கை, கால், அக்குள், முகம் என்று உடம்பு முழுவதையும் வழிக்கும் 'பேக்கேஜ்' சேர்ந்தே வருகிறது. அந்தப் பட்டுக்கு வீட்டில் உட்கார்ந்து தார் சுற்றிக் கொடுத்த பெண்ணின் கையில் முடி இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. உழைக்கும்வரை அந்தக் கை யார் கண்ணிலும் படாது. அதே கைக்குக் கல்யாணம் என்றால்தான் முடி கண்ணை உறுத்தும்.

"அவரவர் விருப்பம் மேடம், இதில் என்ன அரசியல்?" என்று மாணவிகள் கேட்கிறார்கள். விருப்பம் என்றால் மகிழ்ச்சி. அப்படியானால் மழிக்காமல் ஒரு வாரம் கல்லூரிக்கு வர முடிகிறதா? முடிகிறது என்றால் அது விருப்பம். முடியவில்லை என்றால் அது உத்தரவு. உத்தரவு போட்டவர் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

சினைப்பை நீர்க்கட்டியால் தாடையில் முடி வளரும் பெண்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். துப்பட்டாவைக் கழுத்துவரை சுற்றிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்காருகிறார்கள். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, அண்ணன் பயன்படுத்திப் போட்ட ரேசரால் வறண்ட முகத்தைச் சுரண்டிக்கொள்கிறார்கள். இவர்களிடம் போய் "முடி இயற்கையானது, வளர்த்துக்கொள்" என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. மழிக்க விரும்பும் பெண்ணுக்கு ஆணுக்குக் கிடைக்கும் எல்லாம் கிடைக்க வேண்டும் என்கிறேன்.

ஆகவே, தோழி, மழிப்பதென்று நீ முடிவெடுத்தால் வெட்கப்படாமல் கடைக்குப் போ. இளஞ்சிவப்பு உனக்குத் தேவையில்லை. நியூயார்க் நகரின் நுகர்வோர் துறை 2015இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, பெண்களுக்கென விற்கப்படும் உடல் பராமரிப்புப் பொருள்கள் ஆண்களுக்கானவற்றைவிடச் சராசரியாக 13 சதவீதம் விலை கூடியிருந்தன. கத்திக்குப் பால் பேதம் கிடையாது. பிளேடு மாற்றும் சாதாரண ரேசர் ஒன்றை உனக்கென்று வாங்கு. மாற்று பிளேடு சில ரூபாய்தான். ரேசரை யாரோடும் பகிராதே. மஞ்சள்காமாலை வைரஸ் இரத்தத் துளி வழியாகப் பரவும். மென்மையான பிரஷ் ஒன்று, வாசனை குறைந்த கிரீம் ஒன்று போதும். குளித்து முடித்த ஈரத்தோடு, நுரை தடவி, அழுத்தாமல் இழு. மழித்தால் முடி தடித்து வளரும் என்று பயமுறுத்துவார்கள். அது பொய் என்று 1928லேயே அளந்து காட்டியவர் மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற பெண் உடற்கூற்றியலாளர். மழிக்க வேண்டாம் என்று நீ முடிவெடுத்தால், அதற்கும் யாரிடமும் விளக்கம் சொல்லாதே.

மருத்துவமனைகளை நடத்துகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதைவிடச் சுருக்கமானது. பிரசவ அறையில் வழக்கத்துக்காக மழிப்பதை நிறுத்துங்கள். ஒரு பெண்ணின் உடலைத் தொடும் முன், என்ன செய்யப்போகிறோம், எதற்காக என்று அவளுக்குப் புரியும் மொழியில் சொல்லி, சம்மதம் கேளுங்கள். அவள் வேண்டாம் என்றால் அது வேண்டாம் என்றே பொருள். செவிலியர் கல்லூரிகளில் படிக்கும் எங்கள் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. பிளேடைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். உங்களுக்கு முன்னால், 1890இல், கத்தியைக் கையில் வைத்திருந்தவர்கள் கூடிப் பேசி, மாட்டோம் என்று சொன்னார்கள்.