கணினிக்கும் காற்று வேண்டும்

எங்கள் மடிக்கணினியில் மகள் ‘பொயிங்க்’ என்ற மென்பொருளைப் போட்டிருக்கிறாள். நாங்கள் பாவிக்காத நேரத்தில் அது புற்றுநோய் ஆராய்ச்சிக்கான கணக்குகளைச் செய்து அனுப்பும். ‘வேர்ல்ட் கொம்யூனிற்றி கிறிட்’ என்ற அந்தத் திட்டம் 2004 இல் தொடங்கி, 2021 இல் ரொறன்ரோவிலுள்ள கிறெம்பில் ஆராய்ச்சி நிலையத்தின் பொறுப்புக்கு வந்தது. காசில்லாதவர்களும் செய்யக்கூடிய தானம்தான். கரண்ட் பில் கொஞ்சம் கூடும், அதையும் சொல்லவேண்டும்.

ஆனால் முழுவேகத்தில் விட்டால் கணினி கொதிக்கும். என் தட்டச்சு வருமானமே அதில்தான். அதனால் செயலியில் பாதியை மட்டும் பாவிக்கவும், பற்றரியில் ஓடும்போது நிற்கவும் அமைத்திருக்கிறோம். மெத்தையில் வைக்காதீர்கள், அடியிலுள்ள காற்றுத்துளைகள் அடைபடும். மேசையோ பலகையோ நல்லது. பருத்தித்துறைப் புழுதி விசிறிக்குள் படியும், துப்புரவாக்குவியுங்கள். சித்திரை வெக்கையில் பகலில் நாங்கள் அதை ஓடவிடுவதில்லை.