நடக்கிறவருக்கு ஒரு வழி, சைக்கிளுக்கு ஒரு வழி!

சிங்கப்பூர் நகரத்துக்கு நடுவே காடு இருக்கிறது. காட்டுக்குள்ளே சைக்கிள் ஓடுகிறது!

தபால்காரர் ஓட்டுகிற சைக்கிள் அல்ல. தடித்தடியாகப் பல் வைத்த டயர். முன்சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங். கல், வேர், பள்ளம் எதுவும் அதற்குக் கணக்கில்லை. "மலை சைக்கிள்" என்று பெயர்.

ஓட்டுகிறவருக்கு ஜாலி. எதிரே நடந்து வரும் பெரியவருக்கு? வளைவில் திடீரென்று சைக்கிள் வந்தால் எங்கே ஒதுங்குவார்? ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் சரிவு. மணி அடித்தாலும் காது கேட்க வேண்டுமே!

அதற்காக சைக்கிளே கூடாது என்று ஒரேயடியாகத் தடை போடச் சொல்வது சரியல்ல. வாரம் முழுக்க ஆபீஸ் நாற்காலியில் முதுகு ஒடிந்த வாலிபன் ஞாயிற்றுக்கிழமை எங்கே போவான்? வழியை அடைத்தால் திருட்டு வழி திறக்கும். புதருக்குள் புகுந்து தானே பாதை போடுவான். மிதிபடுவது இளஞ்செடிகள்தான்.

செஸ்நட் பூங்காவில் பாருங்கள்

81 ஹெக்டேர் பரப்புள்ள செஸ்நட் இயற்கைப் பூங்காவின் தென்பகுதி 2016-லும், வடபகுதி 2017-லும் திறக்கப்பட்டன. நடப்பவர்களுக்கு 5.6 கிலோ மீட்டர். சைக்கிளுக்குத் தனியாக 8.2 கிலோ மீட்டர். இவர் வழியில் அவர் இல்லை, அவர் வழியில் இவர் இல்லை. சண்டை எங்கிருந்து வரும்?

புக்கிட் தீமா சங்கதி வேறு. குன்று 163 மீட்டர் உயரம்தான். ஆனால் பழங்காடு! அங்கே சைக்கிளுக்கு சுமார் 6 கிலோ மீட்டர் பாதை ஒதுக்கியிருக்கிறார்கள். மற்ற நடைபாதைகளில் சைக்கிள் நுழையக்கூடாது. இந்தக் கண்டிப்பு நியாயமே. சரிவுகளையும் பாதைகளையும் செப்பனிட 2014-ல் காட்டை மூடியவர்கள், 2016-ல்தான் முழுசாகத் திறந்தார்கள். மழை கொட்டுகிற ஊர் அது. ஈர மண்ணில் பிரேக் பிடித்து டயர் வழுக்கினால் தரையில் கோடு விழும். அடுத்த மழைக்கு அந்தக் கோடு வாய்க்கால் ஆகும். மண் போய், மரத்தின் வேர் வெளியே வரும்.

சைக்கிள்காரர்களை மட்டும் திட்டினால் போதுமா? பலகையைப் பார்த்தும் பார்க்காத மாதிரி, சைக்கிள் பாதையில் குடும்பத்தோடு அரட்டை அடித்தபடி நடப்பவர்களை என்ன சொல்வது? கீழே இறங்கி வருகிற சைக்கிள் நினைத்த இடத்தில் நிற்காது சார்!

புதிதாகப் பூங்கா அமைக்கும் அதிகாரிகள் முதலில் இரண்டு வழிகளையும் பிரித்து விடட்டும். நடைபாதை, அப்புறம் பார்க்கலாம் சைக்கிள் பாதை என்ற பேச்சு வேண்டாம். பலகையில் எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிசாக இருக்கட்டும்.