வெற்றிலைப் பாடம்

அக்காவின் கையில் வளையல் இரண்டையும் காணோம் என்று நான் கவனித்தது, அவள் காபி டம்ளரை நீட்டியபோதுதான்.

"எங்கேக்கா?"

"கொல்லையில தொங்குது. போய்ப் பாரு!"

போனேன். ஒரு ஓலைக் குடில். உள்ளே வைக்கோல் அடைத்த பாலிதீன் பைகள் உறி மாதிரி வரிசையாகத் தொங்கின. வளையல் இரண்டும் அடகுக்குப் போய், சிப்பிக் காளான் வித்தாகத் திரும்பி வந்திருந்தன.

தொப்பம்பட்டியில் காளானா என்று கேட்காதீர்கள். பழனிக்கு வடக்கே, மழையை மலைகள் வாங்கிக்கொண்டு காற்றை மட்டும் அனுப்பி வைக்கும் சீமை. ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில், கொடியில் போட்ட வேட்டி சீக்கிரம் காய்ந்துவிடும். சமயத்தில் காணாமலும் போய்விடும். சிப்பிக் காளானோ 80, 90 சதவிகிதம் ஈரப்பதம் கேட்கிற ஜமீன்தார்!

பைக்குள் வெள்ளையாகப் பூசண இழை பரவுகிற 15, 20 நாளும் கவலையில்லை. உள்ளேயே ஈரம் இருக்கும். மொட்டு வெளியே தலைநீட்டியதும்தான் வினை. காய்ந்த காற்று பட்டால் சுருண்டுவிடும். அக்காவின் மொட்டுகள் சுருண்டுகொண்டிருந்தன.

"மாப்ளே, நீங்க படிச்சவரு. ஒரு வழி சொல்லுங்க" என்றார் மச்சான்.

இந்த ஒரு வாக்கியத்தால் அழிந்த குடும்பங்கள் எத்தனையோ!

சென்னையிலிருந்து ஈரப்பதமானி ஒன்று வாங்கி வந்து மாட்டினேன். காலையில் 90 காட்டியது, மத்தியானம் 52-க்கு இறங்கியது. நடுவில் யார் தண்ணீரைத் திருடியது? யாருமில்லை. ஒரு கன மீட்டர் காற்று 25 டிகிரியில் சுமார் 23 கிராம் நீராவிதான் கொள்ளும். 35 டிகிரியில் ஏறக்குறைய 40 கிராம் கொள்ளும். ஈரம் அதேதான், வெயில் ஏற ஏறக் காற்றின் வயிறு பெரிதாகிறது. பசித்த காற்று, அகப்பட்ட மொட்டிலிருந்து உறிஞ்சுகிறது.

இவ்வளவும் தெரிந்த நான் என்ன செய்தேன்? தெளிப்பானை எடுத்து மொட்டுகள் மேலேயே தண்ணீர் அடித்தேன். மூன்றாம் நாள் அழுகி மஞ்சளாகி, நாற்றம்.

அடுத்த முறை, ஈரம் ஓடிவிடக் கூடாதென்று இண்டு இடுக்கெல்லாம் அடைத்தேன். காளானும் மூச்சுவிடும். வெளியேற வழியில்லாமல் கரியமில வாயு சேர்ந்து, காம்பு ஒட்டகச் சிவிங்கிக் கழுத்தாக நீண்டது. குடை மட்டும் சட்டைப் பித்தான் அளவுக்கு!

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. கையை மட்டும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அக்காவின் மாமியார்தான் வாயைத் திறந்தார்.

"ஏங்கண்ணு, வெத்தலைய ஈரத்துணியில சுத்தித்தான வெக்கறோம்? வெத்தல மேலயா தண்ணிய ஊத்தறோம்?"

அவ்வளவுதான் விஷயம்! நனைக்க வேண்டியது காளானை அல்ல, சுற்றியிருக்கும் காற்றை.

தரையில் ஆற்று மணல் பரப்பி நனைத்தோம். காற்று வரும் மேற்குப் பக்கம் ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டோம். எதிரியாக இருந்த ஆடிக் காற்றே சாக்கு வழியாக நுழைந்து, ஈரத்தை உள்ளே சுமந்து வந்தது. தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொள்வதால் குடில் குளிர்ந்தது. காலையும் மாலையும் கொஞ்ச நேரம் திறந்துவிட்டோம்.

ஈரப்பதமானிக்குச் செலவு செய்யாதீர்கள். இரண்டு சாதா தெர்மாமீட்டர் போதும். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றுங்கள். வெப்பம் 30 டிகிரி இருக்கும்போது இரண்டுக்கும் வித்தியாசம் 2 டிகிரி என்றால், ஈரப்பதம் 85-ஐ ஒட்டி இருக்கும். 7 டிகிரி வித்தியாசம் என்றால் 55-தான். சாக்கை நனையுங்கள்!

அந்த முறை மொட்டு விட்ட மூன்றாம் நாள் பறித்தோம். குடை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். வாரக் கடைசியில் ஒரு வளையல் கைக்குத் திரும்பியது.

"இன்னொண்ணு எப்பக்கா?"

"அடுத்த தடவை நீ வராம இருடா தம்பி. தானா வந்துரும்!"