கை கல்குடாவில், கண் கொழும்பிலா?

சென்ற சிறுபோகத்தின்போது வாகரைப் பக்கத்துக் கமக்காரர் ஒருவர் களைநாசினிப் போத்தலொன்றைக் கையில் ஏந்தியவராய் எமது அலுவலகப் படியேறினார். சொன்ன அளவில் கலந்து, சொன்ன நாளில் தெளித்திருக்கிறார். களை சாகவில்லை, பயிர்தான் நுனி கருகிற்று. "ஐயா, இதுக்குள்ள இருக்கிறது மருந்துதானா? சோதிச்சுச் சொல்ல ஓர் இடமும் இல்லையா?" என்று கேட்டார். சட்டப் புத்தகங்களோடு இருபது ஆண்டுகளாக உறவாடும் எமக்கு, அந்த எளிய கேள்விக்கு உடனே விடை சொல்ல நா எழவில்லை.

இடமில்லை என்று எப்படிச் சொல்வது? இடங்கள் வேண்டிய அளவுக்கு மேலேயே இருக்கின்றன. அதுதான் வினை! பீடைகொல்லி என்றால் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம்; அதன் பதிவாளர் பேராதனையிலே, விவசாயத் திணைக்களத்தின் கீழ் இருக்கிறார். உணவு என்றால் அதே ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டம். அது சுகாதார அமைச்சின் பொறுப்பு. தரக் கட்டளை என்றால் கட்டளைகள் நிறுவனம். நுட்ப ஆராய்ச்சி என்றால், 1955இல் வேறு பெயரோடு பிறந்து இன்று கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் என வழங்கும் நிலையம். மருந்து என்றால் 2015ஆம் ஆண்டுச் சட்டம் படைத்த இன்னொரு அதிகார சபை. இத்தனைக்கும் மேலே, நுகர்வோரின் பெயரையே சூடிக்கொண்டு, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் எழுந்தது நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை.

இந்தக் கடைசிச் சபையைச் சற்று உற்று நோக்குங்கள். நியாயமான வர்த்தக ஆணைக்குழுவையும் உள்நாட்டு வர்த்தகத் திணைக்களத்தையும் ஒன்றாக்கி எழுப்பிய வீடு அது. ஆகையால் விலை, பதுக்கல், போட்டி, விலைச்சீட்டு ஆகியவற்றுக்கெல்லாம் அங்கே அறை உண்டு. பொருளுக்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் விஞ்ஞானிக்கு மட்டும் அறை இல்லை. ஐயம் எழுந்தால் மாதிரியைக் கட்டி வேறொரு நிறுவனத்தின் வாசலுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கடையைச் சோதிக்கவும் வழக்குத் தொடுக்கவும் அதிகாரம் உடைய சபைக்கு ஆய்வுக்கூடம் இல்லை. ஆய்வுக்கூடம் உடைய நிறுவனங்களுக்குக் கடையை மூடும் அதிகாரம் இல்லை.

உணவுச் சட்டத்தின் கதை இதைவிட விசித்திரமானது. சட்டத்தின் வாசகத்தில் நாம் குறை காணவில்லை. அது நல்ல சட்டம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடையிலே எடுக்கும் மாதிரியை மூன்று பங்காக்கி முத்திரையிட வேண்டும். ஒன்று வியாபாரிக்கு, ஒன்று பகுப்பாய்வாளருக்கு, ஒன்று பின்னர் ஒப்பிடுவதற்கு. பகுப்பாய்வாளரின் சான்றிதழை மன்று முதற்றோற்றச் சான்றாக ஏற்கும். வியாபாரிக்கும் நீதி, உண்பவனுக்கும் நீதி. ஆனால் அந்தப் பகுப்பாய்வாளர் யார்? முதன்மையாக அரசாங்கப் பகுப்பாய்வாளர். குடியேற்ற ஆட்சிக் காலத்திலே தோன்றிய அவருடைய திணைக்களம் இன்று தலைநகர்ப் புறத்திலே பத்தரமுல்லையில் இருக்கிறது. அங்கே ஒரு பக்கம் கொலை வழக்கின் இரத்தக்கறை, நஞ்சுண்டவரின் குடல், போதைப்பொருட் பொதி, வெடிமருந்து, ஐயத்துக்குரிய கையெழுத்து. மறுபக்கம் நமது மிளகாய்த்தூளும் பால்மாவும்! பொலீசாரின் வழக்கும் நுகர்வோரின் உணவும் ஒரே கூரையின் கீழ் முறை காத்து நின்றால், எதற்கு அவசரம் என்று அரசாங்கம் கருதும்? விளக்குமாற்றால் விளக்க வேண்டியதில்லை. அங்கே பணிபுரியும் விஞ்ஞானிகளை நாம் குறைகூறவில்லை. அவர்கள் தலையில் இந்த இரட்டைச் சுமையை ஏற்றிய ஆட்சி ஒழுங்கையே குறைகூறுகிறோம்.

எமது அனுபவத்திலேயே ஒன்று சொல்வோம். மன்றொன்றில் தூள் கலப்பட வழக்கு. குற்றஞ்சாட்டப்பட்டவருக்காக நாம் தோன்றினோம். சான்றிதழ் வருவதற்குள் தவணை மேல் தவணையாக ஓடிற்று. அது வந்து சேர்ந்தபோது அந்தத் தூள் முழுவதும் விற்று, தின்று, சீரணித்தும் முடிந்திருந்தது. கட்சிக்காரர் மகிழ்ந்தார். எமக்கோ அன்று வீட்டுக் குழம்பைத் தொட மனம் வரவில்லை.

இனி அடுப்படிக்கு வாருங்கள். 2021ஆம் ஆண்டின் இறுதியில் நாடெங்கும் சமையல் எரிவாயு வெடித்ததை எவர் மறப்பார்? ஜனாதிபதி ஒரு குழுவை நியமித்தார். கலவையில் புரொப்பேனும் பியூட்டேனும் சேரும் விகிதம் மாறியதே முதன்மைக் காரணம் என்று குழு கூறிற்று. அதன் பின்னரே, கசிவை மூக்குக்கு அறிவிக்கும் மணப்பொருளின் அளவு பற்றியும், கலவையைச் சிலிண்டரிலே எழுதுவது பற்றியும் கட்டளைகள் பிறந்தன. நாம் கேட்பது இதுதான்: விகிதம் மாறிய அன்றே அதைக் கண்டறியும் பொறுப்பு எந்தக் கட்டிடத்தின் எந்த அறையில் இருந்தது? வீடு எரிந்த பிறகு விஞ்ஞானிகளைத் தேடிக் கூட்டுவதற்குப் பெயர் ஒழுங்கமைப்பா?

அமெரிக்காவிலே 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த நுகர்பொருட் பாதுகாப்பு ஆணைக்குழு வேறு வழியிலே தன் விஞ்ஞானத்தை அடுக்கியது. (உணவும் மருந்தும் அங்கே வேறு நிறுவனத்தைச் சேர்ந்தவை, அந்த ஆணைக்குழுவுக்கு வீட்டுப் பொருட்களே விடயம்.) அதன் வேலை ஆய்வுக்கூடத்திலே தொடங்கவில்லை, ஆஸ்பத்திரியிலே தொடங்கிற்று. ஏறக்குறைய நூறு ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவுகளிலிருந்து, எந்தப் பொருளால் எவர் காயமுற்றார் என்ற குறிப்பைத் திரட்டினார்கள். அதை எண்ணிப் பார்க்க நோய்ப்பரவலியலார். பொருளைப் பிரித்துப் பார்க்கப் பொறியியலார். உடலுக்கு என்ன செய்யும் என்று கணிக்கச் சுகாதார விஞ்ஞானிகள். சோதனைக்குத் தனி ஆய்வுக்கூடம். திருத்தத்தின் செலவைக் கணக்கிடப் பொருளியலார். யாவரும் ஓர் ஆணைக்குழுவின் கீழ், ஒரே கேள்விக்காக. அதுவும் அரசியலுக்குத் தப்பிய கோவில் அன்று. 2025 மே மாதத்தில் ஜனாதிபதி அதன் ஆணையாளர் மூவரை நீக்கியதை உலகம் பார்த்தது. ஆயினும் அந்த அடுக்கின் முறை கற்கத் தக்கது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரியிலே தீப்புண்ணோடு சேர்க்கும் குழந்தையைச் சுட்டது எந்த விளக்கு, எந்த அடுப்பு என்ற செய்தி நுகர்வோர் சபையின் மேசைக்குச் செல்ல ஒரு வாய்க்கால் வெட்டினோமா?

விஞ்ஞானி உண்மையைச் சொன்ன இடத்திலும் என்ன நிகழ்ந்தது என்பதைக் கமக்காரர் அறிவர். 2021இல் இரசாயனப் பசளையைத் தடுத்துவிட்டுச் சீனாவிலிருந்து சேதனப் பசளை வரவழைத்தார்கள். தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவையின் விஞ்ஞானிகள் மாதிரியிலே தீங்குதரும் நுண்ணுயிரைக் கண்டு, வேண்டாம் என்றார்கள். விற்றவர்கள் அந்த ஆய்வையே மறுத்தார்கள். தூதரகம் சீறிற்று. இறக்காத பசளைக்காக 60 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகை 2022 சனவரியிலே கைமாறிற்று! ஆய்வு முடிவுக்குப் பின்னால் அரசு உறுதியாக நில்லாவிடின், நுண்ணோக்கி என்ன செய்யும்?

சிறிய நாட்டிலே மாவட்டம்தோறும் ஆய்வுக்கூடம் கட்ட முடியுமா, கருவிக்குப் பணம் ஏது, ஆள் ஏது என்று கொழும்புப் பெரியவர்கள் கேட்பார்கள். கேட்கத் தக்க கேள்விதான். மரபணுச் சோதனையும் வெடிமருந்துச் சோதனையும் இங்கே வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. பாலில் நீரும், தூளில் சாயமும், போத்தலில் மருந்தின் செறிவும் பார்க்கவே கேட்கிறோம். கல்குடாவிலிருந்து அதிக தூரம் போக வேண்டாம். வந்தாறுமூலையிலே பல்கலைக்கழகம் இருக்கிறது. 1981இல் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. விஞ்ஞான பீடமும் விவசாய பீடமும் அங்கே உண்டு; இரசாயனம் கற்பிப்போர் உண்டு. உணவுச் சட்டமோ அரசாங்கப் பகுப்பாய்வாளரோடு வேறு பகுப்பாய்வாளரையும் அங்கீகரிக்க இடம் தருகிறது. கொழும்பு மாநகர சபையின் பகுப்பாய்வாளர் அவ்வாறு இயங்குபவர்தாமே? ஆய்வுக்கூடத்தின் தகுதியை அளந்து சான்று வழங்க 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தராதர அங்கீகாரச் சபையும் இருக்கிறது. புதிய சட்டம் வேண்டாம். வர்த்தமானியில் ஓர் அறிவித்தலும் வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரியும் போதும்.

சுகாதாரம் மாகாணத்துக்குப் பகிர்ந்த விடயம் என்று 13ஆவது திருத்தம் 1987இல் கூறிற்று. அதன்படி மாதிரி எடுக்கும் பரிசோதகர் மாகாணத்தின் ஊழியர். மாதிரியைப் பார்க்கும் கண் மட்டும் மத்தியிலே. கையைத் தந்து கண்ணை மறைத்துக்கொண்டால் அதற்கு அதிகாரப் பகிர்வு என்று பெயரா?

அந்தக் கமக்காரருக்கு நாம் என்ன சொன்னோம் என்று கேட்பீர்கள். "மூடி திறந்த போத்தல் சாட்சியாகாது, கடையிலே மூடியிருக்கும் போத்தலை அதிகாரம் பெற்ற உத்தியோகத்தரே மாதிரியாக எடுக்க வேண்டும், பேராதனைக்கு ஒரு கடிதம் எழுதுவோம்" என்றோம். எழுதினோம். அவரோ அதற்குள் கடனுக்கு வேறொரு போத்தல் வாங்கித் தெளித்துவிட்டார். அதற்குள்ளே இருந்தது என்ன என்பதும் எவருக்கும் தெரியாது.

வரவுசெலவுத் திட்டக் குழுநிலை விவாதத்திலே சுகாதாரம், வர்த்தகம், விவசாயம் ஆகிய மூன்று அமைச்சுகளின் செலவினத் தலைப்புகளும் தனித்தனியே வரும். மட்டக்களப்பு மாவட்டத்தின் பிரதிநிதிகள் மூன்றிலும் எழுந்து, வந்தாறுமூலைக்கு அங்கீகாரம் எப்போது என்ற ஒரே கேள்வியைக் கேட்பார்களா? கேட்டால் மூன்று அமைச்சர்களில் எவர், "இது என் பொறுப்பு" என்று எழுந்து நிற்பார்?