பெயர் சூட்டும் முன் கேட்போம்



மொழித்திறன்களுள் முதலில் நிற்பது கேட்டல். திருவள்ளுவர் ‘கேள்வி’ என்று ஓர் அதிகாரமே படைத்தார். ஆயினும் வகுப்பறையில் நாம் பெரும்பாலும் செய்வது என்ன? ஒரு பத்தியை வாசிக்கிறோம்; அதற்குள்ளேயே இருக்கும் விடையை மாணவரிடம் கேட்கிறோம். முதலில் கை உயர்த்தும் பிள்ளைக்குப் பாராட்டு. விடை தெரியாத ஓர் ஒலியைப் பொறுமையுடன் ஆராயும் வாய்ப்பு அங்கில்லை. அதனைச் சிற்றலை வானொலி தரும் என்பது என் கருத்து.

‘சிற்றலையில் இனி என்ன இருக்கிறது?’ எனப் பெற்றோர் கேட்கலாம். பி.பி.சி. தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ஆம் நாளோடு நின்றது உண்மையே. ஆனால் சிற்றலை வெறுமையாகிவிடவில்லை. வளிமண்டலத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அவ்வலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து ஜித்ராவுக்கும் வருகின்றன. இரவில் மெல்லத் திருப்பிப் பாருங்கள்: அறியாத மொழிகள், மோர்ஸ் ஒலிகள், இனம்புரியாத இரைச்சல்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. 10 மெகாஹெர்ட்ஸில் நொடிக்கு ஒரு ‘டிக்’ ஒலி கேட்கும். ‘உளவாளியின் ரகசியச் செய்தி!’ என்று பிள்ளைகள் துள்ளுவர். உடனே ஏற்கவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். நாள், நேரம், அலைவரிசை, ஒலியின் இயல்பு ஆகிய நான்கையும் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். நிமிடத் தொடக்கத்தில் ஒலி நீள்வதைக் காண்பர். 29, 59-ஆம் நிமிடங்களில் மோர்ஸில் ‘பி.பி.எம்.’ என்ற அடையாளமும் சீன மொழியில் பெண்குரலும் வந்தால், அது சீனாவின் ஷான்சி மாநிலத்திலிருந்து துல்லியமான நேரத்தை அறிவிக்கும் நிலையம். ஹவாயிலுள்ள நேர நிலையமும் இதே அலைவரிசையில் இவ்வாறே துடிக்கிறது. அதில் ஒலிப்பதோ ஆங்கிலப் பெண்குரல். ‘டிக்’ என்னும் ஒரே சான்றைக் கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது.

இது வெறும் விளையாட்டன்று. இங்கிலாந்தின் கெட்டரிங் இலக்கணப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் ஜெப்ரி பெர்ரியும் அவர்தம் மாணவர்களும் சோவியத் செயற்கைக்கோள்களின் ஒலிகளைச் சிற்றலையில் கேட்டு, அவை தோன்றி மறையும் நேரங்களைக் குறித்துவந்தனர். 1966-இல் ஏவப்பட்ட கோஸ்மோஸ் 112-இன் பாதை வழக்கத்திற்கு மாறாக இருந்தது. அவ்வாண்டிலேயே, உலகுக்கு அறிவிக்கப்படாத ஓர் ஏவுதளம் பிளெசெட்ஸ்க் அருகே இருப்பதை அவர்கள் வெளிப்படுத்தினர். சோவியத் அரசு அதனை ஒப்புக்கொண்டது 1983-இல்தான். ஒரு பள்ளியின் குறிப்பேடு வல்லரசின் மௌனத்தை வென்றது!

‘இதற்குப் புள்ளிகள் உண்டா?’ என்ற வினா எழும். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்ட பின்னும் நாம் புள்ளிகளையே எண்ணிக்கொண்டிருக்கலாமா? கைப்பேசிக்கு வரும் குரல்பதிவை, யார் பேசியது, எப்போது பேசியது என்று வினவாமல் நம்பிப் பிறர்க்கும் அனுப்பும் காலத்தில் நம் பிள்ளைகள் வளர்கின்றனர். கேட்டதையும் ஊகித்ததையும் பிரித்து எழுதப் பழகிய பிள்ளை அவ்வாறு எளிதில் ஏமாறாது.

மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலிப்பெட்டி, ஒரு குறிப்பேடு, வாரம் இருபது நிமிடம் போதும். இடிமின்னல் நேரத்தில் மட்டும் தவிர்த்துவிடுங்கள். ‘தெரியவில்லை, நாளையும் கேட்போம்’ என்று ஒரு பிள்ளை எழுதினால், அதனையும் சரியான விடையாக ஏற்று ஊக்கப்படுத்துவோம்.