முகநூலை விட்டுப் போகச் சொல்கிறவர்களுக்கு

போன மாதம் திண்டுக்கல்லில் நடந்த எங்கள் வாசிப்பு வட்டக் கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து ஒரு தோழர் வந்திருந்தார். நிறையப் படித்தவர், நேர்மையானவர். "முகநூலும் ட்விட்டரும் வெறுப்பை விற்றுக் காசு பார்க்கிற கடைகள். அங்கே கணக்கு வைத்திருப்பதே குற்றத்துக்கு உடந்தை. எல்லோரும் மாஸ்டோடானுக்கு வந்துவிடுங்கள்" என்றார். வேடசந்தூர் பக்கத்திலிருந்து வந்த கல்லூரித் தம்பி ஒருவன் கை தூக்கினான். "அண்ணே, எங்க ஊர்ல அதுல யாருமே இல்லையே. நான் அங்க போயி யார்கிட்ட பேசுறது?"

தோழரிடம் பதில் இல்லை. எங்களிடமும் அன்றைக்கு முழுப் பதில் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

முதலில், தோழர் சொன்ன குற்றச்சாட்டுகளில் ஒன்றுகூடப் பொய்யில்லை. ஈக்வாலிட்டி லேப்ஸ் 2019இல் வெளியிட்ட அறிக்கை, தாங்கள் புகார் செய்த சாதி, மத வெறுப்புப் பதிவுகளில் 93 விழுக்காடு முகநூலில் அப்படியே இருந்ததாகச் சொன்னது. 2020 ஆகஸ்டில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது நினைவிருக்கும். தெலங்கானா பாஜக சட்டமன்ற உறுப்பினர் ராஜா சிங் மீது வெறுப்புப் பேச்சு விதிகளைப் பாய்ச்சினால் வியாபாரம் கெடும் என்று முகநூலின் இந்திய அதிகாரி அங்கி தாஸ் தடுத்தார் என்ற செய்தி அது. 2025 ஜனவரியில் மெட்டா தன் விதிகளை இன்னும் தளர்த்தியது. ட்விட்டர் 2022 அக்டோபரில் யார் கைக்குப் போனது, போன பிறகு என்ன ஆனது என்பதை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

நமக்கு இது அறிக்கை படித்துத்தான் தெரிய வேண்டுமா? கோகுல்ராஜ் கொலை வழக்கில் தேடப்பட்ட யுவராஜ், 2015இல் தலைமறைவாக இருந்துகொண்டே வாட்ஸ்அப்பில் ஆடியோ விட்டுக்கொண்டிருந்ததைக் கேட்டவர்கள் நாம். அரிவாள் படம், சாதிப் பெயர், பின்னணியில் ஒரு பாட்டு என்று வரும் ரீல்ஸ்களை எத்தனை முறை 'ரிப்போர்ட்' அடித்திருப்போம்? விதிகளுக்கு எதிராக எதுவும் இல்லை என்று பதில் வரும். பதிலுக்குத் தம்பி ஒருவன் அந்தச் சாதியின் பெயரைச் சொல்லித் திட்டினால் மறுநாள் அவன் கணக்கு முடக்கப்பட்டிருக்கும்.

இருந்தும் "வெளியேறு" என்ற சொல் எங்கள் காதில் சரியாக விழவில்லை. வெளியேறுவதற்கு இன்னொரு வாசல் இருக்கிறவர்களின் சொல் அது. பத்திரிகை ஆசிரியரைத் தொலைபேசியில் கூப்பிட முடிகிறவர், தொலைக்காட்சி விவாதத்துக்கு அழைக்கப்படுகிறவர், பல்கலைக்கழக அரங்கில் மேடை கிடைக்கிறவர் முகநூலை மூடலாம். அவர் குரல் குறையாது. நிலக்கோட்டைப் பக்கம் ஒரு காலனியில் சுடுகாட்டுப் பாதையை மறித்தால் அதை எழுத எந்த நிருபர் வந்தார்? வந்தாலும் மறுநாள் பேப்பரில் "இரு தரப்பினர் மோதல்" என்று நாலு வரி. அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே வரியில் சமமாகிவிடுவார்கள். (நம் செய்தித்தாள்கள் கடைப்பிடிக்கிற ஒரே சமத்துவம் அதுதான்.)

அடுத்தவன் அச்சகத்தில் நமக்கு இடம் கிடைக்காது என்பது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கியதும், 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தியதும் அதனால்தான். 1920இல் புரட்சியாளர் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு தருகிறோம் என்றும் திலகரின் 'கேசரி' விளம்பரம்கூடப் போட மறுத்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சொந்த இதழ் நடத்திய அம்பேத்கர் பிறர் கையிலிருந்த அவைகளை விட்டு ஓடிவிடவில்லை. சைமன் குழு முன்பும் வட்டமேசை மாநாட்டிலும் போய் உட்கார்ந்து பேசினார். வட்டமேசை யாருடைய மேசை என்று அவருக்குத் தெரியாதா?

ஆகவே இருப்போம். "தெரு அவர்களுடையது, அந்தப் பக்கம் போகாதே" என்பதை நம் தாத்தாக்கள் வேறு வாயிலிருந்து நிறையக் கேட்டிருக்கிறார்கள். இந்த உவமை முழுக்கப் பொருந்தாது என்பதும் எங்களுக்குத் தெரியும். ஊர்த் தெரு சட்டப்படி பொதுச்சொத்து. செருப்புப் போட்டு நடப்பது நம் உரிமை, தடுப்பது குற்றம். முகநூல் ஒரு கம்பெனியின் கட்டடம். 2018 நவம்பரில் ட்விட்டர் முதலாளி ஜாக் டோர்சி டெல்லியில் "பார்ப்பனிய ஆணாதிக்கத்தைத் தகர்ப்போம்" என்ற பதாகையைக் கையில் பிடித்தார். அதை வரைந்தவரும் ஒரு தலித் பெண், அவர் கையில் கொடுத்தவரும் ஒரு தலித் பெண். எதிர்ப்பு கிளம்பியதும் கம்பெனி அதிகாரி மன்னிப்புக் கேட்டார், நம்மிடம் இல்லை. மறு ஆண்டு பேராசிரியர் திலீப் மண்டலின் கணக்கு முடக்கப்பட்டபோது நம் ஆட்கள் அதே ட்விட்டரில் நீலக்குறிக்கு எதிராக ஹேஷ்டேக் ஓட்டினார்கள். அந்த நவம்பரில் பலர் மாஸ்டோடானுக்கும் போனார்கள். போனவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்த காரணத்தைத்தான் வேடசந்தூர்த் தம்பி ஒரே கேள்வியில் சொல்லிவிட்டான்.

இனி நம் மீதான குற்றச்சாட்டு. இதைத்தான் நாங்கள் அதிகம் பேச விரும்புகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் சமவெளிக் கிராமம் ஒன்றில் திருவிழாவில் நம் குடும்பம் ஒன்றை அடித்தார்கள். எங்கள் குழுத் தம்பிகள் ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே 'லைவ்' போட்டார்கள். காயம்பட்ட அம்மாவின் முகம், பார்த்த சாட்சியின் பேச்சு, அவர் வீடு எந்தத் தெரு என்பது உட்பட எல்லாம் வந்துவிட்டது. நூற்றுக்கணக்கில் பகிர்ந்தார்கள். எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அன்று ராத்திரியே எதிர்த்தரப்பு சாட்சி வீட்டுக் கதவைத் தட்டியது. நாங்கள் புகாரை எழுதி முடிப்பதற்குள் அவர் "நான் எதையும் பார்க்கலை தம்பி" என்றார். அவரை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். அவர் அந்த ஊரில் வாழ வேண்டியவர். காட்டிக் கொடுத்தது முகநூல் இல்லை, நாங்கள்.

உடுமலையில் 2016 மார்ச்சில் சங்கரை வெட்டிய காட்சி வராத போன் அப்போது தமிழ்நாட்டில் அபூர்வம். கௌசல்யாவின் குடும்பம் நம் பழனிதான். 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் முதல் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்ட அவருடைய தந்தையை விடுவித்தது. எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்பதை நீதிமன்றம் பார்ப்பதில்லை. கோகுல்ராஜ் வழக்கில் முக்கிய சாட்சி பிறழ்ந்த பிறகும் தண்டனை நின்றதற்குத் திருச்செங்கோடு கோயில் சிசிடிவி பதிவு பெரிய காரணம். முறைப்படி ஆவணமாக்கப்பட்ட பதிவு அது.

எங்கள் குழு இப்போது வரிசையை மாற்றிவிட்டது. முதலில் காவல் நிலையம். முதற்கட்ட விசாரணை முடியட்டும் என்று சொல்லி அலைக்கழித்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஏ பிரிவைக் காட்டுகிறோம். எஃப்ஐஆர் போட அந்த விசாரணை தேவையில்லை. எஃப்ஐஆர் நகல் கைக்கு வந்த பிறகுதான் பதிவு. பாதிக்கப்பட்டவர் கேட்டுக்கொண்டால் ஒழிய முகம், ஊர், பெயர் கிடையாது. இணையத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் பதில் கமெண்ட் போடுவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட், இணைப்பு, தேதி, நேரம். பிறகு பாரதிய சாட்சிய அதினியத்தின் 63(4) சான்றிதழ். கமெண்டில் சண்டை போட்டால் அவன் அழித்துவிட்டுப் போய்விடுவான். 2021 ஆகஸ்டில் நடிகை மீரா மிதுன் நம்மை இழிவுபடுத்திப் பேசிய வீடியோவுக்காகக் கேரளாவில் வைத்துக் கைது செய்யப்பட்டது புகார் கொடுத்ததால்.

நம் மாவட்டத்திலேயே இதைவிடப் பெரிய பாடம் இருக்கிறது. 2021 ஜனவரியில் இங்குள்ள ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். ஹேஷ்டேக் ஓடியது உண்மை, வெளிநாட்டு பிராண்டுகளின் காதுக்கு அது எட்டியதும் உண்மை. ஆனால் 2022 ஏப்ரலில் கையெழுத்தான 'திண்டுக்கல் ஒப்பந்தம்' ஹேஷ்டேக்கால் வரவில்லை. தலித் பெண்கள் முன்னின்று நடத்துகிற தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்திருந்தது. அதனால்தான் ஈஸ்ட்மன் எக்ஸ்போர்ட்ஸும் எச் அண்ட் எம்மும் அவர்களோடு பேச வேண்டியிருந்தது. தொழிலாளிப் பெண்களே தளத்தில் கண்காணிப்பாளர்களாக நின்று, பாலியல் சீண்டலையும் சாதிச் சீண்டலையும் புகாராக்க வழி வந்தது.

வேடசந்தூர்த் தம்பி தன் பக்கத்தை மூடவில்லை. இரண்டு வாரத்துக்கு முன் அவன் எங்களிடம் இன்னொரு கேள்வி கேட்டான். அவன் அக்கா மில் ஹாஸ்டலில் இருக்கிறாள். போன் கையில் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் வார்டன் பக்கத்தில் நிற்கும்போது. முகநூலிலும் இல்லை, மாஸ்டோடானிலும் இல்லை. அவளிடம் எப்படிப் பேசுவது? இப்போதைக்கு, ஞாயிறு மதியம் ஹாஸ்டல் பெண்கள் சாமான் வாங்க வருகிற கடைவீதியில் நாலு பேர் நோட்டீசோடு நிற்கிறோம். வர முடிந்தவர்கள் வாருங்கள்.